எஞ்சின் செய்த பிறகு ஸ்ராட் ஆகாத மொறிஸ் மைனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் என் தொலைபேசி அடித்தால், மறுபக்கத்தில் பெரும்பாலும் ஒரு மொறிஸ் மைனர்தான். மூன்று கிழமை மினக்கெட்டு எஞ்சினைச் செய்து பூட்டியிருப்பார்கள். கழற்ற முதல் புகைத்துக்கொண்டாவது சந்தைக்குப் போய்வந்த கார், இப்போது இருமக்கூட மாட்டேன் என்று நிற்கும். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். கேள்விகள் மட்டும் அதே கேள்விகள். அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

சொல்வதெல்லாம் மைனரில் இருக்கும் 948, 1098 சீசீ ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு. ஓஸ்ரின் ஏ35, ஏ40 ஃபரினா வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஓஸ்ரின் சோமசெட், கேம்பிரிட்ஜ் கார் வைத்திருப்பவர்கள் பார்க்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகளைத் தங்கள் கைநூலில் பாருங்கள்.

எல்லாம் பூட்டியாச்சு அண்ணை, எவ்வளவு அடிச்சும் ஸ்ராட் ஆகுதில்லை. எங்கயிருந்து பாக்கத் தொடங்கிறது?

நீங்கள் கை வைத்த இடத்திலிருந்து. கழற்ற முதல் ஓடிய கார் என்றால், கழற்றாத சாமான் அதே கிழமையில் தானாகச் செத்திருப்பது அபூர்வம். ஒரு கடதாசியில் எதையெல்லாம் கழற்றினீர்கள், எதையெல்லாம் புதிதாகப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். பிழை அந்தக் கடதாசிக்குள்தான் இருக்கும். பலர் இதைச் செய்யாமல் நேரே கடைக்குப் போய், பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை வாங்குகிறார்கள்.

பிறகு, ஸ்ராட்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். எஞ்சின் சுத்தவே இல்லை என்றால் அது பற்றறி, வயர், எர்த் பக்கம். சுத்துகிறது ஆனால் ஒரு வெடிகூட இல்லை என்றால் பொறி அல்லது பெற்றோல். வெடிக்கிறது, காபரேட்டருக்குள்ளால் துப்புகிறது என்றால் பொறி பிழையான நேரத்தில் வருகிறது. மூன்றுக்கும் மூன்று வழி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது சரி வந்தது, எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்ராட்டரை இழுத்தா 'டக்' எண்டு மட்டும் கேக்குது. பற்றறி போன மாசம்தான் வாங்கினது.

எர்த் பட்டியைத் திருப்பிப் பூட்டினீர்களா? எஞ்சின் ரப்பர் மவுண்டில் இருக்கிறது. அதற்கும் பொடிக்கும் இடையில் அந்தப் பின்னல் பட்டி இல்லாவிட்டால் கரன்ட் திரும்பிப் போக வழி இல்லை. அப்போது அது கிடைத்த வழியால் போகும்: சோக் கேபிள், அக்சிலேட்டர் கேபிள். சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் வேறு சோதனையே வேண்டாம். டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் புகை வந்து, தீப்பிடிக்கப் போகுது என்று பயந்து தண்ணீர் வாளியோடு நின்ற வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

பட்டி இருந்தாலும், அது பூட்டிய இடத்தில் புதுப் பெயின்ற் இருந்தால் இல்லாததற்குச் சமம். எஞ்சினுக்கு அழகாகப் பச்சை அடித்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இரும்பு தெரிய உரசிப் பூட்டுங்கள். அதுவும் சரியென்றால் முன்னால் கிராங்க் கம்பியைப் போட்டுக் கையால் சுத்துங்கள். பிளக்குகளைக் கழற்றிய நிலையில் இறுக்கமாகவாவது சுத்த வேண்டும். ஓரிடத்தில் கல்லில் முட்டியதுபோல் நின்றால் ஸ்ராட்டரைத் தொடவே வேண்டாம், உள்ளே ஏதோ முட்டுகிறது.

புது எஞ்சின் இறுக்கமாத்தான் இருக்கும். லாண்ட்மாஸ்டர் உழவு மிசின்ல கட்டி இழுத்து ஸ்ராட் பண்ணினா என்ன?

எண்ணெய் அழுத்தம் வராமல் செய்யாதீர்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் எண்ணெய்ப் பம்ப் வெறுமையாக இருக்கும். அது அடியிலுள்ள சம்ப் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் வரைக்கும் புது பெயரிங்குகள் காய்ந்தபடி உரசும். பம்ப் பூட்டும்போதே அதற்குள் வாசலின் அடைத்துப் பூட்டுவது பழைய ஆட்களின் வழக்கம், நல்ல வழக்கம்.

நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, கொயில் வயரையும் எடுத்துவிட்டு, பத்து விநாடி அடிப்பதும் ஒரு நிமிடம் விடுவதுமாக ஸ்ராட்டரைச் சுத்துங்கள். டாஷில் எண்ணெய் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் எண்ணெய் வடிகட்டிக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, அதற்குள்ளால் பம்ப் பக்கம் எண்ணெய் ஊற்றி நிரப்பிவிட்டு மறுபடி பாருங்கள். விளக்கு அணைந்த பிறகுதான் மற்றக் கேள்விகள் எல்லாம்.

பொறி வருதா எண்டு எப்பிடிப் பாக்கிறது? பிளக்கைக் கழட்டிப் பார்த்தா ஏதோ மஞ்சளா வருது.

பிளக்கில் பார்ப்பது கடைசி வேலை. முதலில், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். அதற்குள் திறந்து மூடும் தொடுமுனைதான் பொயின்ற். அது மூடியிருக்கும்படி எஞ்சினைக் கையால் சுத்தி நிறுத்துங்கள். கொயிலிலிருந்து வரும் நடுத் தடிவயரின் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளி, பிளாஸ்டிக் பிடி போட்ட குறட்டால் பிடியுங்கள். சாவியைப் போட்டு, பொயின்ற்றை ஸ்குறூ டிரைவரால் தட்டித் திறவுங்கள். நீலமாக, சத்தத்தோடு பாய வேண்டும். இதைச் செய்ய முதல் பெற்றோல் சிந்திய துணி, திறந்த கான் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

பொறி பாய்ந்தால் கொயில், கண்டென்சர், பொயின்ற் மூன்றும் சரி. மஞ்சளாக, நூல்போல வந்தால் பொயின்ற் இடைவெளியைப் பாருங்கள்: 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். இன்னொன்று, ஸ்ராட்டர் சுத்தும்போது கொயிலுக்கு எத்தனை வோல்ற் வருகிறது என்றும் மீற்றரால் பாருங்கள். இறுக்கமான எஞ்சின் பற்றறியை ஒரேயடியாக உறிஞ்சும். 9 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் சும்மா நிற்கும்போது வந்த நீலப்பொறி அடிக்கும்போது வராது.

பொயின்ற் புதுசு, கண்டென்சர் புதுசு, ரோட்டர் புதுசு. ஆனா பொறி வரவே வராதாம்!

புதிதாக இருப்பதுதான் சந்தேகத்துக்குக் காரணம். பொயின்ற்றின் வில் வந்து உட்காரும் தூணைப் பாருங்கள். அதில் ஒரு சின்ன நைலோன் உறை இருக்கும். கொயிலிலிருந்து வரும் மெல்லிய வயரும், கண்டென்சர் வயரும், வில்லும் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். மூன்றில் எதுவும் தூணையோ நட்டையோ தொடக்கூடாது. வயர் முனையை உறைக்கு மேலே வைப்பதற்குப் பதில் கீழே வைத்துப் பூட்டினால் பொயின்ற் எந்நேரமும் மூடியிருப்பதற்குச் சமம். எனக்கு வரும் அழைப்புகளில் இந்த நைலோன் உறைக்குத்தான் முதலிடம்.

ஒரு 12 வோல்ற் சின்னப் பல்ப்பை எடுத்து, ஒரு வயரைக் கொயிலில் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மற்றதை எர்த்திலும் வையுங்கள். சாவியைப் போட்டு எஞ்சினைக் கையால் சுத்துங்கள். பொயின்ற் திறக்கும்போது பல்ப் எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஒன்றில் மேலே சொன்ன தொடுகை, அல்லது கொயிலுக்குக் கரன்ட்டே வரவில்லை. அணையவே இல்லையென்றால் பொயின்ற் சேரவில்லை. புதுப் பொயின்ற்றில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். பெற்றோல் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

மூடிக்குள் சுத்திப் பொறியைப் பங்கிடும் ரோட்டரையும் நம்பாதீர்கள். நடுவில் ஆணி அடித்த மலிவு ரோட்டர்களில் சில, பொறியை உள்ளுக்குள்ளேயே தண்டுக்குக் கடத்திவிடும். தடிவயர் நுனியை ரோட்டரின் பித்தளைக்கு மேலே பிடித்துப் பொயின்ற்றைத் தட்டுங்கள். ரோட்டருக்குள் பொறி பாய்ந்தால் அது ஓட்டை, எறியுங்கள். கழற்றி வைத்த பழைய ரோட்டர் இருக்கிறதா? அதைப் போடுங்கள். ரோட்டரைப் போடவே மறந்தவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை.

பொறி நல்லா வருது. ஆனா அடிக்க அடிக்க காபரேட்டருக்குள்ளால தீ வருது, சைலன்சர் வெடி மாதிரி வெடிக்குது.

வெடி வந்தால் நல்ல செய்தி. பெற்றோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, இரண்டும் சந்திக்கும் நேரம்தான் பிழை. அனேகமாக 180 பாகை மாறியிருக்கும். பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வருகிறது: ஒன்று அமுக்கி முடியும்போது, மற்றது புகையைத் தள்ளி முடியும்போது. எஞ்சினின் முன்கப்பியிலுள்ள வெட்டு இரண்டு தடவையும் ஒரே அடையாளத்துக்குத்தான் வரும். அந்த அடையாளத்தை மட்டும் நம்பிப் பூட்டினால் சரியாக வருவது பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம்.

அதனால், வால்வுகளை அமுக்கும் ராக்கர்களுக்கு மேலேயுள்ள மூடியைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் முதலாவது சிலிண்டர் ஒன்று. எஞ்சினைக் கையால் சுத்தி, நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வும், அதாவது கடைசி இரண்டும், ஒன்று மூடிக்கொண்டு மற்றது திறக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஆட்டத்தில் ஒன்றாம் சிலிண்டர் அமுக்கிய உச்சியில் இருக்கிறது. அதன் இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் கடகடக்கும். இப்போது ரோட்டர் காட்டும் திசையில் மூடியில் எந்தத் துளை இருக்கிறதோ அதில் ஒன்றாம் வயர். அங்கிருந்து மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் 3, 4, 2. ஏ-சீரிஸில் ரோட்டர் எதிர்த்திசையில்தான் சுத்தும். வலம் சுத்தி 1-3-4-2 என்று போட்டுவிட்டு ஒரு கிழமை அலைந்தவர்கள் பலர்.

கழற்றும்போது ஒன்றாம் வயர் வேறிடத்தில்தானே இருந்தது என்று கேட்பீர்கள். டிஸ்ரிபியூட்டரின் அடிநாக்கு நடுவில் இல்லாதபடியால் டிஸ்ரிபியூட்டர் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். பிசகுவது அதற்குக் கீழே இருக்கும் பல்லுத்தண்டு. அதை எஞ்சின் செய்தவர் திருப்பிப் போட்டிருப்பார். சரியாக எதிர்ப்பக்கம் என்றால் நான்கு வயரையும் இரண்டு இடம் தள்ளிப் போட்டால் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஓரிரு பல்லுப் பிசகென்றால்தான், 5/16 யூ.என்.எஃப் நீள போல்ட் ஒன்றை அந்தத் தண்டுக்குள் முடுக்கி வெளியே இழுத்துத் திரும்பப் போட வேண்டும்.

டிஸ்ரிபியூட்டரைச் சும்மா அங்கயும் இங்கயும் திருப்பிப் பார்த்தா பிடிக்காதோ?

சில நேரம் பிடிக்கும். பிடிக்காவிட்டால் முதலில் எங்கே இருந்தது என்பதும் போய்விடும். மேலே சொன்ன அதே பல்ப்பை வைத்து ஐந்து நிமிடத்தில் செய்யலாம். டைமிங் கவரின் கீழ்ப்பக்கம் மூன்று முள் இருக்கும். நீளமானது உச்சி, மற்ற இரண்டும் 5, 10 பாகை முன். குனிந்தும் தெரியாது, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடியுங்கள். ஒன்றாம் சிலிண்டர் அமுக்கும் நேரத்தில் வெட்டை 5 பாகை முள்ளுக்குக் கொண்டுவந்து, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, பல்ப் எரியத் தொடங்கும் புள்ளியில் இறுக்குங்கள். உயிர் வர அது போதும். பிறகு கைநூலில் உங்கள் எஞ்சினுக்குச் சொன்ன அளவுக்குத் திருத்துங்கள்.

பம்ப் டிக் டிக் எண்டு அடிச்சுக்கொண்டே இருக்குது. அது நல்லதுதானே?

இல்லை. எஸ்.யு. கம்பனியின் பெற்றோல் மின்பம்ப் சாவி போட்டவுடன் வேகமாக அடித்து, காபரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் ஒன்றில் தாங்கியிலிருந்து பெற்றோலுக்குப் பதில் காற்று வருகிறது, அல்லது கிண்ணத்தின் ஊசி மூடாமல் பெற்றோல் வழிகிறது. மூக்கே சொல்லிவிடும். அடிக்கவே இல்லையென்றால் பம்ப்பின் பொயின்ற் கருகியிருக்கும். ஸ்குறூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்ட உயிர் வந்தால் நோய் தெரிந்துவிட்டது.

காபரேட்டரில், மேல் மணிக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டொக்' என்று விழ வேண்டும். துடைக்கக் கழற்றியவர்கள் ஊசியை வளைத்துப் பூட்டினால் அது பாதியில் நிற்கும். சோக் கேபிள் உண்மையில் அடியிலுள்ள ஜெட்டைக் கீழே இழுக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்.யு. காபரேட்டரில் காற்றை மறைக்கும் தட்டு இல்லை, ஜெட் இறங்காவிட்டால் சோக்கே இல்லை. ஆறு மாதம் தாங்கியில் கிடந்த பெற்றோலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில ஓடின கார் அண்ணை இது. இப்ப நல்ல பெற்றோல்ல ஸ்ராட் ஆகேல்லை எண்டா நம்பலாமோ?

நம்பலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்களும் குளிரில் மண்ணெண்ணெயில் பற்றவில்லை. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கொஞ்சம் கொடுத்து உயிர் வரவைத்து, எஞ்சின் சுட்ட பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அவ்வளவுதான் காரணம். அந்தக் காலத்துக் கெட்டித்தனம் எல்லாம் சரியான நேரத்தில் வந்த பொறியை நம்பித்தான் நடந்தது.

ஹெட் மட்டும்தான் கழட்டி வால்வு அரைச்சது. பொறியும் சரி, பெற்றோலும் சரி, டைமிங்கும் சரி. ஆனா சுத்தும்போது தையல் மிசின் மாதிரிச் சுகமாச் சுத்துது.

சுகமாகச் சுத்துவதுதான் நோய். கிராங்க் கம்பியால் சுத்தினால் இரண்டு சுற்றில் நான்கு இடத்தில் கை தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் அமுக்கம் இல்லை. வால்வை அரைத்தால் அது ஹெட்டுக்குள் கொஞ்சம் உள்வாங்கும், அதன் தண்டு மேலே எழும்பும், பழைய ராக்கர் இடைவெளி காணாமல் போகும். வால்வு மூடவே மூடாது. குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம் வையுங்கள். வால்வுகளை முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வரும் இலக்க வால்வைத் திருத்துங்கள். எட்டு திறந்தால் ஒன்று, ஆறு திறந்தால் மூன்று.

இடைவெளி சரியாகியும் அமுக்கம் இல்லையென்றால், நீங்கள் சோக் இழுத்து அடித்த அடியில் பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவியிருக்கும். ஒவ்வொரு பிளக் துளைக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, கையால் சுத்தி, பிளக்குகளைக் காயவைத்துப் போடுங்கள். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர் இரண்டும் மட்டும் வெறுமை என்றால் நடுவில் காஸ்கட் போயிருக்கிறது. ஹெட் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

டைமிங் செயின் ஒரு பல்லுப் பிசகியிருக்குமோ? கவரைக் கழட்டாமப் பாக்க வழி இருக்கா?

நாலாம் சிலிண்டரை ஆட்டத்தில் நிறுத்தச் சொன்னேனே, அதே இடம். ஒன்றாம் பிஸ்டன் சரியாக உச்சியில் இருக்கும்போது நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஏறத்தாழ ஒரே அளவு, மயிரிழை திறந்திருக்க வேண்டும். ஒன்று நன்றாகத் திறந்து மற்றது முழுதாக மூடியிருந்தால் கவரைக் கழற்றுங்கள். உள்ளே இரண்டு பல்லுச்சக்கரத்தின் புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும்.

எலக்ரோனிக் இக்னிஷன் போட்டன். ஒருக்கா 'டப்' எண்டுது, அதோட சரி.

மைனரில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி எர்த் ஆவது பற்றறியின் பொசிற்றிவ் முனை. இன்றைய சாமான்கள் பெரும்பாலும் நெகற்றிவ் எர்த்துக்குச் செய்தவை. மாறிக் கொடுத்தால் ஒரு விநாடியில் செத்துவிடும். முந்திய சொந்தக்காரர் எர்த்தை மாற்றியிருக்கலாம், ஆகவே புத்தகத்தை விட்டுப் பற்றறியைப் பாருங்கள்.

கொயிலுக்கும் இதே கதை. பொசிற்றிவ் எர்த் காரில் கொயிலின் பொசிற்றிவ் முனை டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாறினால் சாகாது, ஆனால் பொறி மெலியும். இறுக்கமான புது எஞ்சினுக்கு அந்த மெலிவே போதும், பிடிக்காமல் நிற்க.

சாவியை முறுக்கிப் பிடிச்சா ஓடுது, விட்ட உடனே நிண்டுபோகுது.

சாவியால் ஸ்ராட் ஆகும் பிந்திய மைனர்களில், வயரிங் மாற்றியவர்களுக்கு மட்டும் வருவது. கடையில் தந்த கொயில் கரன்ட்டைக் குறைக்கும் பலாஸ்ற் ரெசிஸ்டரோடு வேலை செய்யும் வகையாக இருந்து, அந்த ரெசிஸ்டர் அறுந்திருந்தால், அடிக்கும்போது மட்டும் கரன்ட் வரும். மைனருக்கு அந்த ஏற்பாடே தேவையில்லை. கொயிலின் இரண்டு சின்ன முனைக்கும் இடையில் 3 ஓம் அளவு காட்டும் சாதாரணக் கொயிலைப் போட்டு, சுவிட்சிலிருந்து நேர் வயர் கொடுங்கள்.

நீங்க சொன்னதெல்லாம் பார்த்தாச்சு. பொறி, பெற்றோல், அமுக்கம், டைமிங் எல்லாம் சரி. ஒருக்கா இருமுது, பிறகு செத்துப்போகுது.

அப்படியென்றால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. சைலன்சர் குழாயின் வாயில் கையை வைத்து, ஒருவரை அடிக்கச் சொல்லுங்கள். கையில் காற்று அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் குழாய்க் கழுத்தைக் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். சத்தம் ஊரைக் கூட்டும், ஆனால் ஸ்ராட் ஆகும்.

என் சொந்தக் காரில் இது நடந்தது. இரண்டு நாள், மேலே எழுதிய எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து முடித்து, பொயின்ற்றை மூன்று தடவை மாற்றியாயிற்று. கடைசியில் மனிஷிதான் கேட்டாள்: "எஞ்சினைத் தூக்கேக்க தூசி போகாமல் குழாய்க்க அடைச்சீங்களே, அந்தச் சாரத்துண்டு எங்க?" கழுத்தைக் கழற்றி விரலை விட்டேன். நீலக் கட்டம் போட்ட துணியின் நுனி தட்டுப்பட்டது. இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது.